அழுக்கை அறிந்து திரவம் வாங்குவோம்

இரும்புச் சாமான்களைச் சுத்தம் செய்யும் கரைப்பான்கள் பற்றி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



ஹார்டுவேர், பெயிண்ட், மோட்டார் உதிரிபாகம் ஆகிய வியாபாரங்களில் இருப்பவர்களிடம் அன்றாடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "இரும்பில் பிடித்த பிசுக்குப் போக என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்பதே அது. இதற்குக் கடைகளில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, அலமாரியில் இருப்பதிலேயே விலை கூடிய ஸ்பிரே டப்பாவை எடுத்துக் கொடுப்பது. மற்றொன்று, "கொஞ்சம் பெட்ரோல் விட்டுத் துடையுங்கள், போய்விடும்" என்று சொல்லி அனுப்புவது. முதல் பதிலில் வாடிக்கையாளரின் பணம் வீணாகிறது. இரண்டாவது பதிலில் அவருடைய உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

மொத்த வியாபாரத்தில் பேரலும் டின்னுமாக இந்தச் சரக்கை வாங்கி விற்கிற நாம், சில்லறைக் கடைக்காரர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே. கரைப்பானை விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அழுக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுக்கு இன்னதென்று தெரிந்துவிட்டால் பாதி வேலைகளுக்கு மலிவான திரவமே போதும். சில வேலைகளுக்கு வெறும் தண்ணீர் போதும். விலை கூடியது தேவைப்படும் இடமும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

அழுக்கின் நான்கு வகைகள்

1. எண்ணெய்ப் பிசுக்கு. பழைய கிரீஸ், கெட்டியான மசகெண்ணெய், அதில் ஒட்டிய கரி, தூசி. இவை மண்ணெண்ணெய், மினரல் டர்பன்டைன், டீசல் போன்ற பெட்ரோலிய வகைத் திரவங்களில் கரையும்.

2. உப்பு, வெல்லம், புளி, பால், வியர்வை. இவை தண்ணீரில் மட்டுமே கரையும். மண்ணெண்ணெயை ஒரு லிட்டர் ஊற்றினாலும் ஓர் உப்புக்கல் கரையாது.

3. பெயிண்ட், வார்னிஷ், பசை, பிளாஸ்டிக் படிவு. இவற்றுக்குத் தின்னர், அசிட்டோன் போன்ற வேகமான கரைப்பான்கள் வேண்டும்.

4. துரு, ஈயம், செம்பு போன்ற உலோகப் படிவு. இவை எண்ணெயிலும் கரையா, தண்ணீரிலும் கரையா. தேய்த்து எடுக்க வேண்டும்; அல்லது அதனுடன் வினை புரியும் ஒரு ரசாயனத்தை வைத்து எடுக்க வேண்டும்.

துப்பாக்கிக் குழல் சொல்லும் பாடம்

இந்த வகைகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது துப்பாக்கிக் குழலில்தான். நம் அங்கத்தினர்களில் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கிக் கடை நடத்துபவர்கள் மிகச் சிலர். ஆனாலும் ரைபிள் கிளப் வீரர்களும், லைசென்ஸ் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்களும் சுத்தம் செய்யும் திரவத்துக்காக ஹார்டுவேர் கடைக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு விற்கிறோமோ இல்லையோ, அந்தக் குழலை உதாரணமாக வைத்துப் படித்தால் பாடம் நன்றாக மனதில் பதியும்.

கருமருந்து போட்டுச் சுடும் பழைய முறைத் துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் எரிந்த பின் குழலில் தங்குவது பெரும்பாலும் உப்பு வகைகள். அவை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். விலை கூடிய பாட்டில் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. சோப்பும் வெந்நீருமே சரியான மருந்து. பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும்.

அடுத்தது ராணுவ ரைபிள். பழைய காலத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் என்ற ரசாயனம் இருந்தது. அது வெடித்த பின் குழலில் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. இது சாப்பாட்டு உப்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த உப்பை எண்ணெய் கரைக்காது. ஆகவே பிரிட்டிஷ் ராணுவத்தில் .303 ரைபிளின் குழலில் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே தனிப் புனல் வைத்திருந்தார்கள். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த ரசாயனம் கிடையாது. ஆனால் பழைய இருப்புத் தோட்டாவைச் சுடுகிறவருக்கு இன்றும் தண்ணீர்தான் முதல் மருந்து.

இன்றைய புகையில்லா மருந்தின் கரிக்கு மண்ணெண்ணெய், டர்பன்டைன் வகைத் திரவங்கள் வேலை செய்யும். குண்டின் செம்பு உறை குழலில் ஒட்டியிருந்தால் அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டும். ஈயப் படிவுக்குத் திரவத்தைவிட வெண்கல பிரஷ்ஷும் கை உழைப்பும்தான் அதிகம் உதவும். ஷாட்கன்னில் பிளாஸ்டிக் படிவு இருந்தால் அசிட்டோன் போன்ற வேகமான திரவத்தில் அது இளகும்.

இதில் பண விரயம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். செம்புக்கான கரைப்பான் வேலை செய்தால் துணி நீலப் பச்சையாக வரும். ஆனால் அதைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால், அம்மோனியா அந்தப் பித்தளையையும் தின்னும். துணி எத்தனை முறை போனாலும் நீலமாகவே வரும். குழலில் இன்னும் செம்பு இருக்கிறது என்று நினைத்து உடமைக்காரர் பாட்டிலைக் காலி செய்வார். உண்மையில் கரைந்து கொண்டிருப்பது அவருடைய பித்தளை முனை. விற்கும்போது இதைச் சொல்லி நைலான் பிரஷ்ஷைச் சேர்த்துக் கொடுத்தால், வாடிக்கையாளருக்கு மிச்சம், நமக்கு நம்பிக்கை.

ஹாப்பிஸ் 9 என்ற அமெரிக்கக் கரைப்பான் 1903ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கிறது. அதே அமெரிக்காவில், கரியை எடுப்பதற்கு மண்ணெண்ணெய், மினரல் டர்பன்டைன், அசிட்டோன், ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் நான்கையும் சம அளவில் கலந்து வீட்டிலேயே தயாரித்துக் கொள்பவர்களும் உண்டு. ஹாரிஸ் என்ற எழுத்தாளர் வெளியிட்ட முறை அது. கரிக்கு அது போதும்; செம்புக்குப் போதாது. ஆக, மலிவு மருந்து நல்லதா, விலை கூடியது நல்லதா என்ற கேள்வியே தவறு. எந்த அழுக்குக்கு என்பதே கேள்வி.

டபிள்யூ.டி.40 பற்றியும் ஒரு வார்த்தை. அது 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. அந்தப் பெயரே 'நீரை அகற்றுதல், 40ஆவது முயற்சி' என்ற பொருளில் வைத்ததுதான். ஈரத்தை விரட்டவும், இறுகிய நட்டை இளக்கவும் நல்லது. ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு மசகெண்ணெய் போட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. அது மெல்லிய படலம். நெடுநாள் காவலுக்குத் தனி எண்ணெயோ கிரீஸோ வேண்டும்.

நம் கடைகளில் பொருத்திப் பார்ப்போம்

கருவாட்டுக் கடை, உப்பு மண்டி. இங்கே இரும்புத் தராசும், அரிவாளும், ஷட்டரும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. கடைக்காரர்கள் வாரம் ஒரு முறை எண்ணெய் பூசுகிறார்கள். ஆனாலும் துரு நிற்பதில்லை. உப்பின் மேலேயே எண்ணெய் பூசுவதால் வரும் கேடு இது. துப்பாக்கிக் குழலுக்குச் சொன்னதே இதற்கும். முதலில் நல்ல தண்ணீரில் துடைத்து உப்பை எடுக்க வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகே எண்ணெய்.

வெல்ல மண்டி, புளி மண்டி, இனிப்புக் கடை. தராசுத் தட்டைக் கழற்றி வெந்நீரில் கழுவினால் போதும். உணவுப் பொருள் படும் தட்டில் மண்ணெண்ணெயோ தின்னரோ படவே கூடாது. எலக்ட்ரானிக் தராசின் உடம்பைக் கரண்டை நிறுத்திவிட்டு, பிழிந்த ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் மூடி மங்கிப் போகும், எண்கள் தெரியாது.

எடைக்கற்கள். துரு ஏறிய இரும்பு எடைக்கல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், ஆசிட்டில் போடுவதும் கூடவே கூடாது. தேய்ந்தால் எடை குறையும். பிறகு அது குறைந்த எடைக்கல். வைத்து விற்பது 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். பெயிண்ட் அடித்தாலும் எடை மாறும். டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த துணியால் பிசுக்கைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். துரு அரித்த கல்லை லைசென்ஸ் பெற்ற ரிப்பேர்காரரிடம் கொடுத்துச் சரி செய்து முத்திரை வாங்க வேண்டும்.

தையல் மெஷின், ஷட்டர், பேரிங். இவை மூன்றிலும் எண்ணெய்ப் பிசுக்குத்தான். டர்பன்டைன் அல்லது வெள்ளை மண்ணெண்ணெய் சரியானது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கரைப்பான் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. காவலாக இருந்த நல்ல எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். சுத்தம் செய்து உலர்ந்தவுடன் புது எண்ணெயோ கிரீஸோ போடாவிட்டால் செய்த வேலையே கெடுதலாகும். கரைப்பான் வாங்குபவரிடம் "மேலே போட எண்ணெய் இருக்கிறதா?" என்று கேட்பது வியாபாரமும் ஆகும், உபகாரமும் ஆகும்.

நியாய விலைக் கடையின் நீல நிற மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது. அதை இந்த வேலைகளுக்கு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி தவறு. சங்கத்து அங்கத்தினர் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெட்ரோல் ஏன் கூடாது?

ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அந்த வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி, நெருப்பைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் 40 டிகிரி கீழே. அதாவது நம் ஊரில் எந்த நேரத்திலும், மார்கழிக் குளிரிலும், அது பற்றத் தயாராகவே இருக்கிறது. பெயிண்ட் கடையில் விற்கும் தின்னரும் அறை வெப்பத்திலேயே பற்றக் கூடியது. மினரல் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் 30, 35 டிகிரிக்கு மேல்தான் பற்றும். அதனால் அவை பெட்ரோலைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் வேலூர், திருத்தணிப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. கோடையில் இந்த வேலைகளைக் காலை நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். கடையின் பின்பக்கம் பேரிங் கழுவினால், முன்பக்கத்துச் சாமி விளக்கோ, டீ போடும் ஸ்டவ்வோ அதைப் பற்ற வைக்க முடியும். ஆகவே திரவம் திறந்திருக்கும் நேரத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது.

சிக்கனக் கணக்கு

விலையைப் பாட்டிலுக்குப் பார்க்காமல் வேலைக்குப் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக் கொள்வோம். ஆளின் கூலி மணிக்கு 120 ரூபாய். டீசலில் ஒரு சாமானைக் கழுவ 10 ரூபாய்த் திரவம் செலவு. ஆனால் டீசல் சீக்கிரம் உலராது, துடைத்து எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. கூலி 60 ரூபாய். மொத்தம் 70 ரூபாய். டர்பன்டைனில் அதே சாமானுக்கு 25 ரூபாய்த் திரவம். 10 நிமிடத்தில் உலர்கிறது. கூலி 20 ரூபாய். மொத்தம் 45 ரூபாய். பாட்டில் விலையில் கூடியது, வேலை விலையில் குறைந்தது. அவசரம் இல்லாத இடத்தில், ராத்திரி ஊற வைத்துவிட்டுப் போகிற வேலையில், கணக்கு மாறி டீசலே மிச்சம் ஆகலாம். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

திரவத்தை மிச்சம் பிடிக்கும் முறைகள் இவை:

முதலில் உலர்ந்த அழுக்கைக் குச்சியாலோ கம்பி பிரஷ்ஷாலோ சுரண்டி எடுங்கள். சுரண்டி எடுக்கக் கூடியதைக் கரைக்கத் திரவம் செலவழிப்பது வீண்.

இரண்டு தட்டு வையுங்கள். முதல் தட்டில் ஏற்கெனவே உபயோகித்த திரவம், இரண்டாவதில் புதியது. முக்கால் அழுக்கு முதல் தட்டில் போய்விடும். முதல் தட்டு மிகவும் கெட்டியானால் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்குங்கள்.

கழுவிய திரவத்தை மூடிய டின்னில் ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்து மறுபடி முதல் தட்டுக்குப் பயன்படுத்தலாம். மிஞ்சிய கசடைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. கழிவு எண்ணெய் எடுக்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

அழுக்கான பிரஷ்ஷை நேரே பெரிய பாட்டிலில் முக்காதீர்கள். ஒரு முக்கில் பாட்டில் முழுவதும் கெடும். தேவையான அளவு சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

திரவத்துக்கு நேரம் கொடுங்கள். பூசிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் பாதித் திரவத்தில் வேலை முடியும்.

மூடியை உடனே மூடுங்கள். தின்னர், அசிட்டோன் டின்னைத் திறந்து வைத்தால் காசு காற்றோடு போகிறது.

கொள்முதலும் இருப்பும்

டர்பன்டைன் வாங்கும்போது வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல சரக்கு உலர்ந்த பின் எண்ணெய்க் கறை விடாது. கறை நின்றால் கனமான எண்ணெய் எதுவோ கலந்திருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

இந்தத் திரவங்கள் வெயிலில் விரியும். 10 டிகிரி கூடினால் 100 லிட்டருக்கு ஏறக்குறைய 1 லிட்டர் கூடும். ஆகவே டின்னை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மத்தியான வெயிலில் லிட்டர் கணக்கில் வாங்கிய சரக்கு, குளிர்ந்த பின் அளந்தால் குறைவாகவே நிற்கும். கடைப் பையனைச் சந்தேகிக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

பேரலை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல் வட்டத்தில் மழைநீர் தேங்கும். ராத்திரி குளிரும்போது பேரல் உள்ளே இழுக்கும் காற்றோடு அந்த நீரும் மூடி வழியே இறங்கும். நிழலில், கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும். வேறு வழியில்லாவிட்டால் படுக்கவாவது வைக்க வேண்டும்.

ஆசிட் பாட்டில்களை இரும்புச் சாமான் அலமாரியின் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடி சரியாக இல்லாத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகையில் பக்கத்து அலமாரிப் புதுச் சரக்கே துருப்பிடிக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரிக்குக் கீழ் பற்றும் திரவங்களை 'ஏ' வகுப்பிலும், 23 முதல் 65 டிகிரிக்குள் பற்றுபவற்றை 'பி' வகுப்பிலும் வைக்கிறது. 'ஏ' வகுப்பில் விற்பனைக்கு அல்லாத சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். 'பி' வகுப்பில் 2,500 லிட்டர் வரை, 1,000 லிட்டருக்கு மேற்படாத கலன்களில் வைக்கலாம். மண்ணெண்ணெய்க்குத் தனி உத்தரவுகளும் உண்டு. தின்னர் இருப்பு வைக்கும் பெயிண்ட் கடைக்காரர்கள் இதைப் படித்தவுடன் தங்கள் லைசென்ஸை எடுத்துப் பார்ப்பது நல்லது. தீ விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

லின்சீட் ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட்டைக் குவித்து மூலையில் போட்டால், நெருப்பு வைக்காமலே தானாகச் சூடேறிப் பற்றும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டின்னில் போட வேண்டும்.

விற்கக் கூடாத விதமும், விற்கக் கூடாத ஆளும்

குடிதண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் கொண்டு வந்து நீட்டினாலும் வேண்டாம். குழந்தைகள் தண்ணீர் என்று குடித்துவிடுகின்றன. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போய் அதிகக் கெடுதல் செய்யும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மெத்தனால் நம் கடைகளில் எந்தச் சுத்த வேலைக்கும் அவசியமில்லை. 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை நாம் அறிவோம். முகம் தெரியாதவர் வந்து "தின்னருக்குக் கலக்க வேண்டும்" என்று அதைக் கேட்டால், இல்லை என்று சொல்வதே தர்மம்.

படித்ததைச் சரிபார்க்க

கேள்வி 1: இனிப்புக் கடைத் தராசுத் தட்டில் பாகு இறுகியிருக்கிறது. எந்தத் திரவம்?
விடை: வெந்நீர்.

கேள்வி 2: கடற்கரை ஊரில் ஷட்டர் ஓடும் தண்டவாளம் துருப்பிடித்து இறுகுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?
விடை: தண்ணீரில் துடைத்து உப்பை எடுத்து உலர்த்த வேண்டும். பிறகு டர்பன்டைனால் பழைய கிரீஸை எடுத்துப் புது கிரீஸ் போட வேண்டும்.

கேள்வி 3: ரைபிள் வைத்திருப்பவர் செம்புக் கரைப்பான் தீர்ந்து கொண்டே இருக்கிறது, துணி நீலமாகவே வருகிறது என்கிறார். என்ன சொல்ல வேண்டும்?
விடை: துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் உறுதி செய்யச் சொல்ல வேண்டும். பிறகு பித்தளை முனையை மாற்றி நைலான் போடச் சொல்ல வேண்டும்.

கேள்வி 4: மெக்கானிக் ஷெட்காரர் எது மலிவு என்று கேட்கிறார். எதைத் திருப்பிக் கேட்க வேண்டும்?
விடை: என்ன அழுக்கு, எவ்வளவு நேரம் இருக்கிறது, பக்கத்தில் நெருப்பு உண்டா என்று கேட்க வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் கல்லாவில் உட்காருபவர்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். "என்ன அழுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவார். அந்த ஒரு வார்த்தைக்கு அடக்க விலை கிடையாது.